வாலுக்கு விலை பேசிய மாப்பிள்ளைக்கு

மாப்ள, மம்பட்டியில ஒரு பாம்போட வாலை நீங்க துண்டு பண்ணிட்டீங்கன்னும், அன்னையில இருந்து ராத்திரித் தூக்கம் போச்சுன்னும், கொடுமுடிக்குப் போய்ப் பரிகாரம் பண்ண நாள் பார்த்தாச்சுன்னும் என்ற புள்ள போன்ல சொன்னா. சந்தோசமுங்க. காவேரியில ஒரு முழுக்குப் போட்டா உடம்புச் சூடாவது எறங்கும். ஆனா ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்கப்படாது. துண்டாப் போனது எவ்வளவு? நாலு விரக்கடையா? அதுக்கு ஐயர் தட்சணை, கார் பெட்ரோல், போற வழியில காங்கயத்துல டிபன், வர்ற வழியில என்ற புள்ளைக்கு ஒரு சீலை. விரக்கடைக்கு எத்தனை ரூவா முட்டுவழின்னு உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாருங்க. தங்கமே தோத்துப் போகும்.

நேர்ல பழமை பேசலாம்னா நீங்க வந்ததும் போனை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிருவீங்க. அதனால எழுதியே அனுப்பறேன். கொஞ்சம் குசும்பு எச்சா இருக்கும். சிறுவாணித் தண்ணி அப்படி.

மொதல்ல, பாம்புக்கு வாலு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுமுங்களா? தலைக்குப் பின்னாடி இருக்கறது ஒட்டுக்கா வாலுதான்னு நெனைச்சிருப்பீங்க. சரவணம்பட்டியில பாதிப்பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க. செத்த பாம்பு ஒண்ணை மல்லாத்திப் பாருங்க. வயித்துல கழுத்துல இருந்து அகலமா ஒத்தை வரிசையில செதிலு எறங்கி வரும். ஒரு எடத்துல ஒரு செதிலு குறுக்க மூடியிருக்கும். அதுக்கடியிலதான் வாசல். கழிவு போறதும், முட்டை வர்றதும், குடும்பம் நடக்கறதும் அந்த ஒரே வாசல்ல. அதுக்கு முன்னாடி இருக்கறது உடம்பு, பின்னாடி இருக்கறதுதான் வாலு. உடம்பு முழுக்க முள்ளெலும்புக்கு ரெண்டு பக்கமும் விலா எலும்பு வரிசையா நிக்கும். வாசலைத் தாண்டுனா விலா கெடையாது. இருதயம், ஈரல், குடல், கிட்னி எல்லாம் இந்தப் பக்கமே முடிஞ்சு போச்சு. வாலுக்குள்ள எலும்பு, சதை, ரத்தக்குழா, கொஞ்சம் கொழுப்பு. அடிவால்ல ரெண்டு நாத்தப் பை. வெட்டுன பொறவு உங்க கையில ஒரு கவுச்சி அடிச்சு, மூணு தடவை சோப்புப் போட்டும் போகலைன்னு என்ற புள்ள சொன்னா பாருங்க, அது சாபமில்லீங்க, அந்தப் பைச் சரக்கு.

ஆம்பளைப் பாம்பா இருந்தா வாலுக்குள்ள இன்னொரு சமாச்சாரமும் இருக்குது. சம்சாரி ஆனவர்கிட்டச் சொல்றதுல தப்பில்லை. அதுக்கு ஆணுறுப்பு ஒண்ணில்ல, ரெண்டு. வேலை இல்லாத நேரத்துல ரெண்டும் உள்பக்கமா மடிஞ்சு அடிவால்ல படுத்துக்கும். அதை இழுத்துப் பிடிக்கற தசை வாலெலும்புலதான் கட்டியிருக்குது. அதனாலதான் ஆம்பளைப் பாம்புக்கு வாலு நீளமா, அடியில தடிப்பா இருக்கும். பொம்பளைக்கு வாசலைத் தாண்டுன ஒடனே சூம்பிப் போயிரும். கனடாவுல மானிடோபாங்கற எடத்துல வேசகாலம் தொடங்கறப்போ கார்ட்டர் பாம்புங்க ஆயிரக்கணக்குல ஒரே குழியில இருந்து கெளம்பி வருமாம். அங்க உக்காந்து பாத்தவங்க எழுதி வெச்சிருக்கறாங்க: வாலறுந்த ஆம்பளைக்கு ஜோடி சேர்றது கொறைச்சல். நீங்க நுனியில நாலு விரக்கடையோட நிறுத்துனதுனால அவன் வம்சம் தப்பிச்சுது. இன்னொரு சாண் மேல போட்டிருந்தா கொடுமுடி பத்தாது மாப்ள, ராமேஸ்வரம் டிக்கெட் எடுத்திருக்கோணும்.

அடுத்து, வெட்டுன வாலு மொளைக்குமான்னு நெட்ல தேடுனீங்களாமே. பல்லிக்கு மொளைக்குது, பாம்புக்கு மொளைச்சா பாவம் போச்சுன்னு ஒரு நப்பாசை. பல்லியும் அரணையும் செய்யற வேலை வேற. பல்லியோட வாலெலும்புக்குள்ளேயே, ஒவ்வொரு எலும்போட நடுவுலயும், ஒடையறதுக்குன்னு ஒரு கோடு கெடக்குது. எதிரி வாலைப் பிடிச்சதும் பல்லி தானே தசையை இறுக்கி அந்தக் கோட்டுல முறிச்சு விட்டுரும். துண்டு தரையில துள்ளும், பூனை அதைப் பாத்துட்டிருக்கும், பல்லி போட்டோவுக்குப் பின்னாடி போயிரும். பொறவு மொளைக்கறதும் அசல் கெடையாது. உள்ள எலும்புக்குப் பதிலா ஒரு குருத்தெலும்புக் குழாய். நெறமும் செதிலும் ஒட்டாம நிக்கும். ஓணானுக்கு அந்த வித்தை கைவராது, அது பாவம் வாலை முழுசாவே வெச்சுக்கிட்டு ஓடோணும்.

பாம்புக்கு அந்தக் கோடே இல்லை. பாம்பு வாலு ஒடஞ்சா எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற மூட்டுலதான் விடும். தானா விடாது, யாராச்சும் பிடிச்சு வெச்சிருக்கோணும், பாம்பு சுத்திச் சுத்தி முறுக்கோணும், அப்பத்தான் கழண்டு வரும். போனது போனதுதான். நுனியில தோலு மூடி, மொட்டையா, வட்டமா ஆறிப் போகும். மறுபடியும் யாராச்சும் பிடிச்சா இன்னுங் கொஞ்சம் போகும். இப்பிடி தவணை முறையில வாலைக் கட்டுற பாம்புங்க உலகத்துல சிலது இருக்குது. நடு அமெரிக்காவுல ஒண்ணு, உடம்புல பாதி நீளத்துக்கு மேல வாலை வெச்சுக்கிட்டுத் துண்டு துண்டாக் குடுத்துட்டே பொழைக்குது.

நம்மூர்ல அந்த வழக்கம் யாருக்குன்னா, உங்க ஆளுக்குத்தான். மஞ்சக் கலந்த பழுப்புல கருப்புக் கட்டம் கட்டமா, கண்ணுக்குக் கீழ ரெண்டு கருப்புக் கோடு, சொட்டுநீர்க் குழிக்குப் பக்கத்துல, மோட்டார் ரூம் வாய்க்கால்ல, கழுத்தைத் தட்டையாக்கி நிமிந்து நின்னுதுன்னு சொன்னீங்க. நீங்க நல்ல பாம்புன்னு நெனைச்சு மம்பட்டி எடுத்தீங்க. அது தண்ணிப்பாம்பு மாப்ள. தவளையும் மீனும் தின்னுட்டு, பயம் வந்தா படம் எடுக்கற மாதிரி நடிக்கும். கடிக்கும், வெசங் கெடையாது. வாலைப் பிடிச்சா முறுக்கி நுனியை விட்டுட்டுப் போயிரும். வியட்நாம்ல இதே எனத்துப் பாம்புக்கு வாலு இப்பிடி முறியறதைப் பத்தி அனன்யேவா, ஓர்லோவ்னு ரெண்டு ரஷ்யாக்காரங்க 1994-ல எழுதியிருக்கறாங்க. சிங்காநல்லூர்க் கொளத்துலயோ காளிங்கராயன் வாய்க்கால்லயோ கரையில ஒரு பொழுது உக்காந்தா மொட்டை வாலுத் தண்ணிப்பாம்பு ஒண்ணாவது கண்ணுல படும். கொக்கு கொத்துனது, கீரி கடிச்சது, நாய் இழுத்தது, எல்லாம் உண்டு. அதுகளெல்லாம் பழி வாங்கப் பட்டியல் போட்டா உங்க பேரு வர்றதுக்குள்ள உங்களுக்கு ரிடையர்மெண்ட் ஆயிரும்.

பழி வாங்கறதைப் பத்திச் சொல்லோணும்னா, 1979-ல 'நீயா' படம் வந்துச்சுங்க. அதுக்கப்பறம் எங்க ஊர்ல பாம்பு அடிக்கறவன் எல்லாம் அதோட கண்ணை நசுக்காம வீட்டுக்கு வர்றதில்லை. கண்ணுல நம்ம உருவம் பதிஞ்சுருமாம், ஜோடிப் பாம்பு வந்து பாத்துக்குமாம். பாம்போட கண்ணுக்கு அசையறது தெரியும், மத்ததெல்லாம் நாக்கை நீட்டி வாசனையிலதான் புரிஞ்சுக்கும். உங்க மொகத்தை ஞாபகம் வெச்சிருக்கறது ஹவுசிங் லோன் குடுத்த பேங்க் மேனேஜர் மட்டும்தான்.

எங்க அப்பாரு காலத்துல இன்னொரு கதை சொல்லுவாங்க. வயசான நல்ல பாம்பு வருசா வருசம் குட்டையாகிட்டே வருமாம், கடைசியில ஒரு முழத்துக்கு வந்து, றெக்கை மொளைச்சு, மாணிக்கத்தைக் கக்கிட்டுப் பறக்குமாம். பாம்பு சாகற மட்டும் கொஞ்சங் கொஞ்சமா வளருமே தவிர குறுகாது. மொட்டை வாலுப் பாம்பு ஒண்ணைக் கருக்கல்ல பாத்த எவனோ ஒருத்தன் கட்டி விட்ட கதைன்னு என்ற யூகம். வெட்டுன பொறவும் ரெண்டு துண்டும் உசுரோட ஊரை ஆட்டிப் படைக்கறது ராகுவும் கேதுவும் மட்டும்தான். அவங்களுக்கும் உங்க தண்ணிப்பாம்புக்கும் சொந்தம் எதுவும் இல்லீங்க, விசாரிச்சுட்டேன்.

சாரைப்பாம்பு விசயத்துல உங்க குடும்பத்துக்கே ஒரு பாரம்பரியம் இருக்குது. உங்க பெரியப்பா சொல்லுவாரு, சாரைக்கு வெசம் வாலுல, அது வாலால அடிச்ச எடத்துல மாட்டுத் தோலு அழுகிப் போகும்னு. வாலு ஊசியாட்டம் இருக்கறதுனால அதுல வெசம் இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க. வெசம் எந்தப் பாம்புக்கும் வாலுல ஊறாது. சாரைக்குத் தலையிலயும் கெடையாது. அதுக்கு வாலு உடம்புல காவாசிக்கு மேல இருக்கும், மரம் ஏற, வேகமா திரும்ப, வேலியில பிடிக்க எல்லாம் உதவும். மாட்டோட காலை வாலால கட்டிட்டுப் பாலைக் குடிக்குதுன்னு சொன்ன பால்காரனை நான் ஒருக்கா வழி மறிச்சுக் கேட்டேன், பாலுல தண்ணி ஊத்தறதும் அந்தச் சாரைதானான்னு. அன்னையில இருந்து அவன் இட்டேரி வழியா வர்றதில்லை.

ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிமிந்து ஆடுனா அது சாரையும் நல்லதும் சேர்றதுன்னு சொல்லி, மேல வேட்டியைப் போட்டு எடுத்துப் பீரோவுல வெச்சா பணம் கொட்டும்னு நம்பறவங்க இன்னமும் இருக்கறாங்க. அங்க ஆடறது பெரும்பாலும் ரெண்டு ஆம்பளைச் சாரை, பொண்ணுக்காக மல்லுக் கட்டுது. ஆம்பளைங்க ரெண்டு பேரு சண்டையில உங்க வேட்டி அழுக்கானதுதான் கண்ட பலன்.

வாலுக்கு அடியைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கற வித்தை ஒண்ணு நெசமாவே இருக்குது, அதையும் சொல்லிர்றேன். கட்டுவிரியனுக்கு வாலுக்கடிச் செதிலு ஒத்தை ஒத்தையா, பிளவுபடாம இருக்கும். அதே மாதிரி வெள்ளைப் பட்டை போட்ட, வெசமில்லாத ஓலைப்பாம்புக்கு ரெட்டை ரெட்டையாப் பிரிஞ்சிருக்கும். புத்தகத்துல படிச்சா ரொம்ப ஈசி. கட்டுவிரியனை மல்லாக்கப் படுக்கச் சொல்லி சம்மதிக்க வெக்கறதுதான் பாக்கி. அதுக்குப் பதிலா மேல பாருங்க: கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை மங்கி, வாலுப் பக்கம் போகப் போகத் தெளிவாகும், ஓலைப்பாம்புக்குத் தலைப்பக்கம் தெளிவு, வாலுப் பக்கம் மங்கல். அதையும் ராத்திரி அவசரத்துல நம்பாதீங்க. கட்டுவிரியன் பெரும்பாலும் தூங்கறவனைத்தான் கடிக்கும், வலியே தெரியாது, விடியக்காலம் வயித்தைப் பிசையும், இமை மூடிக்கிட்டு வரும். தோட்டத்துச் சாளையில தரையில படுக்காம கட்டல்ல கொசுவலையைச் சொருகிப் படுங்க. எது கடிச்சாலும் கட்டுப் போடறது, கீறறது, மந்திரிக்கறது ஒண்ணும் வேண்டாம், கையைக் காலை ஆட்டாம நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க. இந்த ஒரு பேச்சுல குசும்பு இல்லை மாப்ள.

வாலைப் பிடிச்சுத் தூக்கற வீரத்தையும் விட்டுருங்க. சென்னைக்குத் தெக்க வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம்னு 1978-ல ஆரம்பிச்சது இருக்குது. வெசமுறிவு மருந்துக்கு வெசம் எடுத்துக் குடுக்கறது அவங்கதான். வடிவேல் கோபால், மாசி சடையன்னு அந்தச் சனத்துல ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்க வாலைப் பிடிக்கறாங்கன்னா இன்னொரு கையில இருக்கற கம்பி உடம்பைத் தாங்கிட்டு இருக்கும். பாம்போட எடை பூராவும் வாலுல தொங்குனா முள்ளெலும்பு மூட்டு விட்டுரும். உங்களை மாதிரி ரீல்ஸ் எடுக்கறவங்க கையில தொங்குற பாம்பு பாதி அதுலயே நொண்டியாகிப் போகுது.

சரி, இப்ப முக்கியமான பஞ்சாயத்துக்கு வர்றேன். பரிகாரம் ஒரு பக்கம் இருக்க, வேற ஒரு பாம்பு யாவாரமும் நடக்குதுன்னு கேள்வி. மண்ணுளிப் பாம்பு. இருதலை மணியன். எடை ரெண்டரைக் கிலோவுக்கு மேல இருந்தா கோடிக் கணக்குல வெலை, வெளிநாட்டுல கேன்சருக்கு மருந்து பண்றான், ராக்கெட்டுக்கு எடுக்கறான்னு எவனோ ஒரு புரோக்கர் உங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டே இருக்கறானாம். முன்பணம் மட்டும் குடுத்தாப் போதுமாம்.

வாங்குங்க மாப்ள, கண்டிப்பா வாங்குங்க. நம்ம கொங்கு நாட்டுக்கு ஒரு பேரு இருக்குது, அதைக் காப்பாத்தோணும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளத்தா மாசாமாசம் பணம்னு சொன்னப்போ நம்மாளுங்க தோட்டத்தை அடகு வெச்சுக் கோழி வாங்குனாங்க. 2012-ல கம்பெனிங்க கதவைச் சாத்துன பொறவு அந்தக் கோழிக்குத் தீனி போட நாதியில்லாமப் போச்சு. அரிசியை இழுக்கற கலசம்னு சொன்னப்போ அதுக்கும் வரிசையில நின்னோம். மண்ணுளியை மட்டும் விட்டு வெச்சா நல்லாவா இருக்கும்?

அந்தப் பாம்புக்கு ரெண்டு தலை கெடையாது. வாலுதான் மொட்டையா, தலை மாதிரியே உருண்டு முடியுது. மண்ணுக்குள்ள பொதைஞ்சு கெடந்து எலியைப் பிடிச்சுத் திங்கற சாது. தொந்தரவு பண்ணுனா தலையை உடம்புக்கடியில சொருகிட்டு, வாலைத் தூக்கி மெதுவா ஆட்டும். எதிரி அதைத் தலைன்னு நெனைச்சுக் கொத்துனா வாலுல ரெண்டு தழும்பு, உசுரு தப்பிச்சுது. விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்னு சொல்லுவாங்க. மண்ணுளி எல்லாருக்கும் வாலை மட்டுந்தான் காட்டும். அந்தக் காலத்துல பாம்பாட்டிங்க அது பத்தாதுன்னு வால்நுனியில சூட்டுக்கோல் வெச்சுக் கண்ணு, வாயி எல்லாம் வரைஞ்சாங்க. ஆறு மாசம் இந்தப் பக்கம் போகும், ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும்னு கதை சொன்னாங்க. வாசல் எந்தப் பக்கம் இருக்குதுன்னு மல்லாத்திப் பாத்திருந்தா அரை நிமிசத்துல வெளுத்திருக்கும்.

அதோட வாசலுக்கு ரெண்டு பக்கமும் குட்டியா ஒரு நகம் நீட்டிக்கிட்டு இருக்கும், மலைப்பாம்புக்கு இன்னும் நல்லாத் தெரியும். ஒரு காலத்துல இருந்த பின்னங்காலோட மிச்சம் அது. பாம்பின் கால் பாம்பறியும்னு பழமொழி சொன்னவங்க எதுக்குச் சொன்னாங்களோ தெரியாது, கால் இருக்கறது நெசம்தான். அதுவும் வாலு ஆரம்பிக்கற எடத்துலதான்.

1972-ம் வருசத்துக் காட்டுயிர்ச் சட்டத்துல மண்ணுளியைப் பிடிக்கறது, வெக்கறது, விக்கறது, வாங்கறது எல்லாம் குத்தம். கோடி ரூவா குடுக்கற வெளிநாட்டுக்காரனை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லை. முன்பணம் குடுத்த உள்ளூர்க்காரங்களை நான் நெறையாப் பாத்திருக்கறேன். எங்க பாத்தேன்னு கேக்காதீங்க, கோர்ட்டு வாசல்ல டீக்கடை நல்லா இருக்கும்.

இதுதான் எனக்கு நெசமாவே கோவம் வர்ற எடம். ஆனைகட்டிப் பக்கம் நீங்க வாங்குன அந்த நாப்பது சென்ட்டுல போன மழைக்கு ஜேசிபி ஓடறப்போ மண்ணோட பெரண்டு வந்துச்சுன்னு ஒரு பாம்பைப் படம் பிடிச்சு அந்தப் புரோக்கருக்கு அனுப்புனீங்களாமே. விரல் தடிமன், ஒண்ணரைச் சாண் நீளம். வாலு கரும்பைச் சாய்வா ஒரே வெட்டுல வெட்டி விட்ட மாதிரி, வெட்டுப்பட்ட மொகத்துல சொரசொரன்னு ஒரு தட்டு, அதுல செம்மண் அப்பிக்கிட்டு. "இது இருதலைக் குட்டி, வளத்தா வெலை போகும்"னு அவன் பதில் போட்டானாம். நீங்க எத்தனை தருவேன்னு கேட்டீங்களாம்.

யாரும் வெட்டாத வாலு மாப்ள அது. பொறக்கறப்பவே அப்படி. கேடயவால் பாம்புன்னு பேரு. தீபகற்ப இந்தியாவுலயும் இலங்கையிலயும் தவிர உலகத்துல வேற எங்கயும் இந்தக் குடும்பம் கெடையாது. அம்பதுக்கு மேல வகை இருக்குது, பாதிக்கு மேல மேக்குமலைத் தொடர்ச்சியிலதான். ஊட்டித் தோட்டங்கள்ல மண்ணைக் கொத்துனா வர்றது ஒண்ணு, சிறுமலையில ஒண்ணு, ஆனைமலையில பல வகை. வெள்ளைக்காரன் காலத்துல சென்னை மாகாணக் காட்டிலாகாவுல இருந்த கர்னல் பெட்டோம்ங்கறவர் இந்த மலையெல்லாம் சுத்தி இந்தப் பாம்புங்களுக்கு ஒண்ணொண்ணாப் பேரு வெச்சுட்டுப் போனாரு.

அதோட வாலு பண்ற வேலையைக் கேளுங்க. தட்டுல இருக்கற முண்டு முண்டான செதிலுல மண்ணு அடையா ஒட்டிக்கும். வளைக்குள்ள எறங்குனதும் மண்ணு பூசுன அந்த வாலு பின்னாடி வர்ற பாதையை அடைச்சுரும். பின்னாடி தொரத்தி வர்ற எதிரிக்கு முன்னாடி மண்ணு மூடுன ஒரு மொண்டிதான் தெரியும், கடிக்கப் பதமில்லை. வெளியில மாட்டிக்கிட்டா தலையை ஒளிச்சு வாலை நீட்டும், மயிலு அந்தத் தட்டுலயே நாலு கொத்துக் கொத்தும். பல்லி வாலைக் குடுத்துட்டுத் தப்பிக்குது, தண்ணிப்பாம்பு குடுத்துட்டுத் திரும்ப வாங்க முடியாம நிக்குது, இது வாலைக் குடுக்காமயே சமாளிக்குது.

தோண்டறது எப்படின்னு கேட்டீங்கன்னா அது இன்னும் ஆச்சரியம். தலை கூரா, சின்னதா இருக்கும். கழுத்துப் பக்கம் இருக்கற முள்ளெலும்பு தோலுக்குள்ளயே நெளிஞ்சு மடங்கும். உடம்பு அந்த எடத்துல தடிச்சு ரெண்டு பக்கத்து மண்ணையும் முட்டிப் பிடிச்சுக்கும். பொறவு எலும்பு நேராகறப்போ தலை மட்டும் முன்னாடி மண்ணைத் துளைச்சுக்கிட்டுப் போகும். தோலு அசையாது, உள்ள எலும்புதான் போயிட்டு வரும். ஓயாம வேலை செய்யற அந்த முன்பாகத்துச் சதை ரத்தச் செவப்பா இருக்குமாம், பின்பாகம் வெளிறி இருக்குமாம். ராத்திரி பகல் மண்ணுக்குள்ள மண்புழுவைத் தேடித் தின்னுட்டு, முட்டையிடாம குட்டி போட்டு, யார் வம்புக்கும் போகாம இருக்குது. கடிக்கக்கூட வாயைத் தொறக்காது.

ஆனைகட்டியில சலீம் அலி பேருல பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்குதுல்ல, 1990-ல ஆரம்பிச்சது. நீங்க அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ரிசார்ட்டு போர்டுன்னு நெனைச்சுத் தாண்டுறது. அங்க பூபதின்னு ஒரு விஞ்ஞானி இருந்தாரு. பரத்பூர்ல மலைப்பாம்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுனவரு, பொறவு நம்ம மலைகள்ல ஊர்றதெல்லாம் அவரு கணக்குலதான் வந்துச்சு. 2014-ல அகத்தியமலைப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போன எடத்துல விபத்து, போய்ச் சேந்துட்டாரு. நாலு வருசங் கழிச்சு, 2018-ல, ஜின்ஸ்னு ஒருத்தரும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருந்த பிலிபா சம்பாயோ, டேவிட் கோவர்ங்கறவங்களும் சேந்து ஆனைகட்டி மலையில இருந்து ஒரு புதுக் கேடயவாலை உலகத்துக்குச் சொன்னாங்க. யூரோபெல்டிஸ் பூபதியின்னு பேரு வெச்சாங்க.

உங்க நெலத்துல வந்தது அதேதானா, அதோட பங்காளியான்னு போட்டோவைப் பாத்துச் சொல்ல முடியாது. செதிலை எண்ணோணும், வால்தட்டை அளக்கோணும். எண்ணறதுக்கு அது இப்ப எங்க இருக்குதுன்னு நான் கேக்கலை. ஜேசிபிக்காரன் என்ன பண்ணுனான்னு டிரைவர் பையன் எங்கிட்டச் சொல்லிட்டான்.

தடாகம் பக்கம் சூளைக்காரங்க செம்மண்ணை எடுத்து எடுத்து, 2021-ல அத்தனை சூளையையும் மூடுற வரைக்கும், தென்னை ஒசரத்துக்குக் குழியாக்குனாங்க. அங்க மண்ணுக்குள்ள யாரு குடியிருந்தாங்கன்னு யாரும் வாக்காளர் பட்டியல் எடுக்கலை. உங்க நாப்பது சென்ட்டுல மேல்மண்ணு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது. மழை நின்னு ஈரம் காயற மட்டும் ஜேசிபியை நிறுத்தி வையுங்க. ஈர மண்ணுலதான் அதுங்க மேல வரும். கெழக்குப் பக்கம் மரத்தடியில இருக்கற சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம். செப்டிக் டேங்குக் குழியை மட்டும் ஆளை விட்டு மம்பட்டியில வெட்டச் சொல்லுங்க. மம்பட்டி உங்க கைக்கு வேண்டாம், அதை நாம ஏற்கெனவே பாத்துட்டோம்.

கொடுமுடிக்குத் தாராளமாப் போயிட்டு வாங்க, என்ற புள்ள ஆசைப்படறா. அவ்வளவு தூரம் ஆகாதுன்னா மருதமலையில பாம்பாட்டிச் சித்தர் குகை இருக்குது, ஒரு லிட்டர் பெட்ரோல்ல முடிஞ்சுரும், வர்ற வழியில வடவள்ளியில நல்ல காப்பி.

அந்தப் புரோக்கர் மறுபடியும் கூப்பிடுவான். கூப்பிட்டா எடுங்க. "சரக்கு ரெடி, என்ற மாமன்தான் பார்ட்டி, நேர்ல வந்து பேசச் சொல்றாரு"ன்னு சொல்லுங்க. எந்த நாளு, எத்தனை மணின்னு மட்டும் எனக்கு முன்கூட்டியே தாட்டி விடுங்க. நம்ம கொழுந்தியா மகன் வனத்துறையில வாச்சரா இருக்கறான், அவனுக்கு லீவு இல்லாத நாளாப் பாத்து வெச்சுக்கலாம்.